பேரும் ஊரும் சொல்லத் தெரிந்த பிள்ளை

கரிசல்காட்டில் ஒரு பிள்ளையை முதன்முதலாகத் திருவிழாக் கூட்டத்துக்குள் எப்போது கொண்டுபோகலாம் என்பதை வயதை வைத்து யாரும் முடிவு செய்ததில்லை. பிறந்த தேதியே பல வீடுகளில் தெரியாது. "பெருமழை பெஞ்ச ஐப்பசியில பெறந்தது", "பருத்தி எடுக்கையில பெறந்தது" என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கணக்கு ஒன்று இருந்தது. குளத்தூரில் என் ஆச்சி அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுவாள்: "பிள்ளை பேரு ஊரு சொல்லட்டும், பெறவு இடுப்புல இருந்து இறக்கி விடு."

நான் கிராம சுகாதாரச் செவிலியராக விளாத்திகுளம், புதூர் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியும் எடைத் தராசுமாக நடந்த காலத்தில் தாய்மார்கள் கேட்ட கேள்விகள் ஒரு மாதிரி. இப்போது அவர்களுடைய மகள்கள் கேட்பது வேறு மாதிரி. "நர்சம்மா, பிள்ளைக்குப் பத்து மாசம். லீவுக்கு மதுரை தண்ணி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போலாமா? ஒண்ணும் செய்யாதே?" என்று கேட்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள். போகலாம், போகக்கூடாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியை நம் பாட்டிமார்கள் நூறு வருஷமாகக் கேட்டு, யோசித்து, சில சமயம் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பதில் எப்படி உருவாயிற்று, எப்படி மாறிற்று என்று எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் குளத்தூர் வரை மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தை, மாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் வீட்டுக்கு வரும். பருத்தியும் மிளகாய் வத்தலும் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓடும். ஆக, கையில் நாலு காசும் உடம்புக்கு ஓய்வும் சேர்ந்து கிடைப்பது பங்குனி, சித்திரையில்தான். கழுகுமலை பங்குனி உத்திரமும் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவும் அப்போதுதான் வரும். அடுத்த விதைப்புக்கு முன்னால் ஆடியில் இன்னொரு இடைவெளி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி, சங்கரன்கோவில் ஆடித்தபசு, தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5. பனிமய மாதாவின் தங்கத் தேர் முதன்முதலில் ஓடியது 1806-இல். அந்தத் திருவிழாவுக்குக் கரிசல் கிராமங்களிலிருந்து எல்லா மதத்தாரும் போய்வருகிறார்கள்.

பிள்ளையை எப்போது கொண்டுபோவது என்பதில் முதல் அதிகாரம் இந்த வெள்ளாமைக்குத்தான். பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆனாலும் பயணம் பங்குனியிலோ ஆடியிலோதான். பங்குனி என்றால் கொடும் வெயில், மரமில்லாத வெட்டவெளிப் பாதை, கூண்டு வண்டி. ஆடி என்றால் கண்ணைத் திறக்கவிடாத காற்றும் புழுதியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவிழாவுக்குக் கைப்பிள்ளையைக் கொண்டுபோகத் தயங்கிய அதே தாய், மூன்று மாதப் பிள்ளையைப் பருத்திக் காட்டுக்குத் தூக்கிப்போவாள். வேப்பமரக் கிளையிலோ, வேம்பு இல்லாத காட்டில் உடைமரத்திலோ, மூன்று கம்பை முக்காலியாக நிறுத்தியோ சேலையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு நிரை பிடிப்பாள். வெயிலுக்கோ வெளிக்காற்றுக்கோ அவள் அஞ்சவில்லை, அஞ்சவும் வழியில்லை, அன்றைய கூலி போய்விடும். அவள் அஞ்சியது கூட்டத்துக்கு. தெரியாத ஊர்க்காரர்கள் மூச்சு, தெரியாத ஊர்த் தண்ணீர், இரவுப் பயணம், நெரிசல். படிக்காத பெண்கள் இந்த வேறுபாட்டை எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை நான் செவிலியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

கூட்டத்துக்கு அஞ்சியதற்குக் காரணம் வாந்திபேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இருபதாம் நூற்றாண்டின் பாதிவரையிலும் சென்னை மாகாணத்தில் காலரா திருவிழாக்களோடு சேர்ந்தே பயணம் செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தெப்பக்குளத்தையோ ஆற்று ஊற்றையோ குடிக்கவும் குளிக்கவும் நம்பியிருந்தால் வேறு என்ன ஆகும்? இருக்கன்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடம். அந்த வைப்பாறுதான் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கடலில் சேர்கிறது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலில்தான் வண்டியை அவிழ்த்துப்போட்டுத் தங்குவார்கள். மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிப்பார்கள். அந்த மணலில்தான் சமையல், குளியல், எல்லாமும். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் காலராக் கிருமி குளத்துத் தண்ணீரில் இருப்பதைக் காட்டினார். அந்தச் செய்தி எங்கள் பக்கத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ஊருணித் தண்ணீரைப் பானையில் நிரப்பி வண்டியில் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் ஆச்சியின் அம்மா காலத்திலேயே இருந்ததாம். "பெரியவங்க எந்தத் தண்ணியும் குடிச்சிக்கிடலாம், பிள்ளைக்கு மட்டும் நம்ம ஊருத் தண்ணி" என்பாள். வழியில் பானை உடைந்ததால் இருக்கன்குடி போகாமலே வண்டி திரும்பிய கதை எங்கள் வீட்டில் உண்டு.

1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனிப் பகுதி வைத்தார்கள். குடிநீர், கழிப்பிடம், நோய்த் தடுப்பு எல்லாம் உள்ளாட்சியின் கடமை என்று ஆயிற்று. கிணறுகளில் வெளுப்புத்தூள் போட்டார்கள், காலரா ஊசி போட்டார்கள். எனக்கு இந்தச் சட்டத்தின் மீது தனி மரியாதை உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிற ஒரு தாயின் பயத்தை அரசாங்கம் தன் பயமாக ஏற்றுக்கொண்ட இடம் அது. அடுத்த பெரிய மாற்றம் உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் அதைக் கரைத்துக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். பிற்பாடு நாங்கள் ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களுக்குக் கரைத்துக் காட்டினோம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்காமல் நிறுத்திவைக்கிற வழக்கத்தை மாற்றத்தான் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது.

காலரா ஒரு பக்கம் என்றால் அம்மை இன்னொரு பக்கம். ஊரில் அம்மை விழுந்தால் வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வெளியே வராது, அடுத்த வீட்டுப் பிள்ளை உள்ளே போகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் எல்லாம். பெரியம்மை இந்தியாவில் 1975-இல் முடிந்தது. தட்டம்மைக்கு ஒன்பது மாதத்தில் ஊசி, பொதுத் தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியதிலிருந்து இருக்கிறது. இரண்டாவது ஊசி 16 மாதத்துக்கு மேல். 2017-இலிருந்து ரூபெல்லாவும் சேர்ந்த ஊசி. பத்து மாதப் பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மகள்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒம்போது மாச ஊசி போட்டாச்சா?" என்றுதான். தட்டம்மையைப் போலக் கூட்டத்தில் பரவுகிற நோய் அபூர்வம். நோயாளி எழுந்து போன பிறகும் அந்தக் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும்.

இத்தனை பயத்துக்கும் ஒரு விலக்கு இருந்தது. அதுதான் நேர்த்திக்கடன். பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்த பிள்ளை, நோயில் விழுந்து பிழைத்த பிள்ளை என்றால் பேரு ஊரு சொல்கிற வரை காத்திருக்க மாட்டார்கள். கரும்பை வளைத்து, மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் கைப்பிள்ளையைப் போட்டு, தாயும் தகப்பனும் முன்னும் பின்னும் தோள்கொடுத்துக் கோயிலைச் சுற்றுவார்கள். தென்மாவட்ட மாரியம்மன் கோயில்களில் இன்றும் பார்க்கலாம். மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்தில் அதே கரும்புத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு 272 படி ஏறுகிறார்கள். நாகப்பட்டினம் நெல்லுக்கடை மாரியம்மன் கோயிலில் செடில் திருவிழா என்று ஒன்று நடக்கிறது. நீண்ட மரத்தின் முனையில் ஒருவர் கைக்குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மரம் ஆகாயத்தில் உயர்ந்து சுற்றும். பெற்றவர்கள் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கைப்பிள்ளை ஏறிச் சுற்றுகிற ராட்டினம் நம் நாட்டில் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அதைச் செய்தவர்கள் பிள்ளைக்கு வேடிக்கை காட்டச் செய்யவில்லை. பிழைத்ததற்கு நன்றி சொல்லச் செய்தார்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

குலதெய்வக் கோயிலில் முடி இறக்குவதும் காது குத்துவதும் அப்படித்தான். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வயதில், தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துச் செய்வார்கள். மாமன் வர முடியாத வருஷத்தில் பிள்ளைக்குச் சடை பின்னிப் பூ வைத்துக் காத்திருப்பார்கள். இது கூட்டம் இல்லாத பயணம். சொந்தக்காரர்கள் மட்டும் கூடும் இடம். பிள்ளை வெளியுலகத்தில் பழகுகிற முதல் படி இதுதான். திருவிழா இரண்டாவது படி. முதல் படியைத் தாண்டாத பிள்ளையை இரண்டாவது படிக்குக் கொண்டுபோனால் "என்ன அவசரம்?" என்று கேட்க ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் போக நினைத்தால் போகக்கூடியவர்களின் கணக்கு. எந்த வயதானாலும் போக முடியாத பிள்ளைகளும் இந்த மண்ணில் இருந்தார்கள். திருவிழாவைப் பற்றி எழுதிவிட்டு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கழுகுமலை எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட ஊர். தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமைக்காக நாடார் சமூகத்தார் வழக்காடினார்கள். 1895 பங்குனித் திருவிழாவில் அது கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் அந்தக் காலத்தை எடுத்துக்கொண்டுதான் எழுதப்பட்டது. கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்றது. தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை அதைவிடக் கொடுமை. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலில் நுழைவு நடந்தது, 1947 ஆலய நுழைவுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லாக் கதவுகளும் சட்டப்படி திறந்தன. வீதிகள் திறக்க அதற்கும் மேலே நாளாயிற்று. "தேரை எங்க நின்னு பாத்தீக?" என்று நான் வேலை பார்த்த ஊர்களில் வயதான பெண்களிடம் கேட்டிருக்கிறேன். "ஊருக்கு வெளிய பாறை மேல நின்னு, தலை மட்டுந்தான் தெரியும்" என்று ஒரு பாட்டி சொன்னாள். தன் மகனைத் தோளில் ஏற்றி அந்தத் தேர்த்தலையைக் காட்டினாளாம். பிள்ளைக்கு எத்தனை வயதில் தேர் காட்டலாம் என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

அந்தக் கதவுகள் திறப்பதற்கு வெகுமுன்பே, 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கோவில்பட்டி அந்தப் பாதையில் இருந்ததால் மில்லும் தீப்பெட்டியும் பருத்திச் சந்தையுமாக ஊர் பெருத்தது. ரயில் டிக்கெட்டுக்கு உயர்சாதி, கீழ்சாதி கிடையாது. காசு கொடுத்தவன் ஏறலாம். காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற அதே விதியோடு வந்ததுதான் ராட்டினம். கோயிலுக்குள் நிற்க முடியாத பிள்ளை கோயில் வாசலுக்கு வெளியே பொட்டலில் ராட்டினத்தில் ஏறி உட்கார முடிந்தது. எனக்கு ராட்டினத்தைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் சிறுமியாகப் பார்த்த ராட்டினம் மரத்தில் செய்தது. நான்கு தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் நாலு பிள்ளைகள். இரண்டு ஆட்கள் நின்று கையால் தள்ளிச் சுற்றுவார்கள். மேலே போகும் தொட்டிலை ஒருவர் உந்திவிட, கீழே வரும் தொட்டிலை இன்னொருவர் பிடித்து இழுப்பார். இன்னொன்று குடைராட்டினம். குடைக் கம்பிகளைப் போல விரிந்த சட்டங்களிலிருந்து மரக்குதிரைகள் தொங்கும், அதுவும் கைச்சுற்றுத்தான். உலகத்தில் இது மிகப் பழைய விளையாட்டு. 1620-இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி துருக்கி ஆட்சியில் இருந்த பல்கேரிய நகரம் ஒன்றில் கைச்சுற்று ராட்டினங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் பெரிஸ் கட்டிய இரும்புச் சக்கரம் 264 அடி உயரம், 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். அந்தச் சக்கரத்தின் பேரப்பிள்ளைகள்தான் பிற்பாடு மின்சார விளக்கு சுற்றிக்கொண்டு கோவில்பட்டிப் பொட்டலுக்கும் தூத்துக்குடிப் பொருட்காட்சிக்கும் வந்தன.

கைச்சுற்று ராட்டினத்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சுற்றுவார்கள். அழுகிற பிள்ளை இருந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், நிறுத்தி இறக்கிக் கொடுத்துவிட்டு மீண்டும் சுற்றுவார்கள். "யம்மா, இது சின்னப் பிள்ளை, அடுத்த வருசம் ஏத்துங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அளவுகோல் கிடையாது. பிள்ளை கம்பியை இறுக்கிப் பிடிக்கிறதா என்று கையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மோட்டார் வந்தபோது இந்தக் கவனம் போயிற்று. பொத்தானை அழுத்துகிறவர் இருபதடி தள்ளி நின்றார். பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாது.

பேரு ஊரு கணக்கின் முழு அர்த்தம் இந்தப் பொட்டலில்தான் விளங்கும். பஞ்சு மிட்டாயும், பொம்மை கைதட்டிக்கொண்டே வருகிற ஜவ்வு மிட்டாயும், பலூன்காரரும் பிள்ளையை நாலு திசையிலும் இழுப்பார்கள். ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில் கடிகாரமாகச் சுற்றிக் கட்டிவிடும் வரை நின்ற பிள்ளை, திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்று அலறும். திருவிழா போலீஸ் பந்தலில் ஒலிபெருக்கி இரவெல்லாம் அறிவித்துக்கொண்டே இருக்கும்: நீலச் சட்டை போட்ட பிள்ளை, பெயர் இன்னது, ஊர் இன்னது, பெற்றோர் உடனே வரவும். பெயரும் ஊரும் சொல்லத் தெரிந்த பிள்ளை அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடும். தெரியாத பிள்ளை? "அழுதுகொண்டிருக்கிறது" என்று மட்டும்தான் அறிவிக்க முடியும். அதனால் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் பாடம் நடக்கும். "உங்க அய்யா பேரென்ன? நம்ம ஊரென்ன? எந்தத் தெரு?" என்று மாவாட்டும்போதும் தலை சீவும்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று வயதில் சில பிள்ளைகள் தேறும், சிலது நாலரை ஆகும். தேறிய பிள்ளை நடந்து வரலாம். தேறாத பிள்ளை இடுப்பிலோ தோளிலோதான், இல்லையென்றால் வீட்டில் ஆச்சியோடு. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் அளவு அல்ல அது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டதா என்று பார்க்கும் அளவு. இதைவிட நல்ல அளவு ஒன்றை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதில்லை.

பிறகு வேறு அளவுகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. பஸ்ஸில் அப்போது மூன்று வயதுக்கு மேல் அரை டிக்கெட். கேளிக்கைப் பூங்காக்கள் வந்தபோது உயரக்கோல் வந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரை, 1995-இல் தாம்பரம் பக்கம் நவோதயா அப்பச்சன் தொடங்கிய கிஷ்கிந்தா, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட், எங்களுக்குக் கிட்டத்தில் மதுரை பரவையில் அதிசயம். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் மகாலும் மீனாட்சி கோயிலும் என்றிருந்தது போய், அதிசயம் போனால்தான் சுற்றுலா என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினார்கள். மண் தரையும் உப்புத் தண்ணீரும் தவிர வேறு பார்க்காத பிள்ளைகளுக்கு அவ்வளவு நல்ல தண்ணீர் ஒரே இடத்தில் அலையடிப்பதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். ஒரு குடம் தண்ணீருக்குக் காத்துநின்ற ஊர் இது.

உயரக்கோல் பற்றி ஒரு செவிலியராகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பையனின் நடு உயரம் 87 செ.மீ., மூன்று வயதில் 96, ஐந்து வயதில் 110. பெண்பிள்ளைகள் அதைவிடச் சுமார் ஒரு செ.மீ. குறைவு. பெரிய பூங்காக்களில் வேகமான விளையாட்டுகளுக்கு 140 செ.மீ. கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையே பாதிக்குப் பாதி அதைத் தொடாது. ஆக, கைப்பிள்ளையையும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகிற குடும்பம் பெரியவர்களின் சந்தோஷத்துக்காகத்தான் போகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. பெற்றவளுக்கும் ஒருநாள் சந்தோஷம் வேண்டும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பிள்ளைக்காகப் போகிறோம் என்று நினைத்துப் போனால் சித்திரை வெயிலில் அழுகிற பிள்ளையின் மேல் கோபம் வரும்.

என் பதிலைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆறு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, சூட்டைத் தாங்காத உடம்பு. கழுத்து உறுதிப்படாத பிள்ளையைச் சுற்றுகிற, குலுங்குகிற எதிலும் ஏற்றக்கூடாது, மடியில் வைத்துக்கொண்டுகூட. ஒன்பது மாத ஊசிக்கு முன்னால் கூட்டம் வேண்டாம். இரண்டு மூன்று வயது வரை பொதுக் குளத்துத் தண்ணீரில் இறக்க நான் தயங்குவேன். பிள்ளை தண்ணீரை விழுங்கும், வயிற்றோட்டக் கிருமிகளில் குளோரினுக்குச் சட்டென்று சாகாதவையும் உண்டு. பேச்சு வந்து, "பயமா இருக்கு, இறக்கி விடு" என்று சொல்லத் தெரிந்த பிறகு கூட்டிப்போங்கள். அப்படிச் சொன்னதும் இறக்கியும் விடுங்கள்.

அருவிக்கும் இதே கணக்குத்தான். கைப்பிள்ளைக்குக் குற்றாலத்துப் புலியருவியில் கைநிறைய அள்ளித் தலையில் தெளிப்பதோடு சரி என்பார்கள் எங்கள் வீட்டில். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனையே கொண்டுபோயிற்று. கூட்டத்தின் பயமும் காலராவோடு போய்விடவில்லை. 2025 செப்டம்பர் 27-இல் கரூர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன தாய்மார்களை ஏசிப் பலர் பேசினார்கள். எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் இடத்தில் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை 1939 சட்டமே திருவிழாக்களுக்கு எழுதிவைத்துவிட்டது. கூட்டம் எந்தப் பெயரில் கூடினாலும் அதே பொறுப்பு வேண்டும் என்பேன்.

கடைசியாக, முடிவு செய்வது யார் என்ற கேள்வி. என் ஆச்சி காலத்தில் அது அவள் கையில் இல்லை. வண்டி மாடு வைத்திருந்த ஆண்கள் நாள் குறித்தார்கள், மாமியார் யார் யார் ஏறுவது என்று சொன்னாள், தாய்மாமன் வந்தால்தான் பயணம். பிள்ளையைப் பெற்றவளிடம் கடைசியில்தான் கேட்பார்கள், சில வீடுகளில் கேட்கவே மாட்டார்கள். என் அம்மா பஸ்ஸுக்கான காசை அப்பாவிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. அடுத்த ஆண்டு, அதுவரை மூன்று வயது வரை இருந்த பிள்ளைகளின் இலவசப் பயணத்தை ஐந்து வயது வரை ஆக்கினார்கள். இரண்டும் சேர்ந்தபோது நூறு வருஷத்துக் கணக்கில் பெரிய மாற்றம் ஒன்று வந்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் கேட்கவில்லை. இப்போது ஆடி வெள்ளியில் குளத்தூர் பஸ் நிறுத்தத்தில் இளம் தாய்மார்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். பஸ் கட்டணத்துக்காக யாரிடமும் கைநீட்டாமல், விளாத்திகுளம் போய் அங்கிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடிப்பது, ராட்டினத்தில் எந்தப் பிள்ளையை ஏற்றுவது, எதை மடியில் வைத்துக்கொள்வது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். பாட்டிலில் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்து வருகிறார்கள். சில பிள்ளைகளின் கையில் பேனாவால் அம்மாவின் கைபேசி எண் எழுதியிருக்கிறது.